முறைச்சேலையின் நாலு முனை

பஸ் ஈப்போவை விட்டுக் கிளம்பியபோது காத்தமுத்துவின் மடியில் ஒரு சேலையும் மனசில் ஒரு அரைவேக்காட்டுப் பொய்யும் இருந்தன. சேலையில் குறை ஒன்றும் இல்லை. பொய்தான் இன்னும் வேகவில்லை. சுங்கை சிப்புட் போய்ச் சேர முக்கால் மணி நேரம், நடுவில் செம்மோரில் டிரைவர் இறங்கிக் காப்பி குடித்தால் ஒரு மணி நேரம், அது தாராளம். இதைவிடப் பெரிய பொய்களையெல்லாம் காலைப் பெரட்டில் வரிசையாக நின்று பேர் கொடுத்துவிட்டு மரத்துக்கு நடக்கிற நேரத்துக்குள் ஆக்கி இறக்கியவர் அவர். காட்டு யானை ஒன்று அவரிடம் வெற்றிலை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, போகிற வழியெல்லாம் துப்பிக்கொண்டே போனதில்தான் தோட்டத்துச் செம்மண் ரோடு உண்டானது என்பதை அந்த ரோட்டைப் போட்ட கங்காணியே கடைசியில் நம்பிவிட்டார். இன்றைக்குத் தேவை யானை அளவுப் பொய்கூட இல்லை. 'உன் அத்தை குடுத்தனுப்பினா, மரகதம்.' நாலே வார்த்தை. ஒருதரம் உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தார். 'அத்தை'யில் தடுக்கியது. மறுபடி சொல்லிப் பார்த்தார். 'உன்'னிலேயே தடுக்கியது. அறுபத்து மூன்று வயசுக்குப் பொய் சொல்ல மறந்துவிடுமா என்ன. பல் போனால் பேச்சுக் குழறும், அது போல இதுவும் ஒன்று போலிருக்கிறது. பையைத் திறந்து சேலையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு மூடினார். தாழம்பூ நிறம். கடைக்காரப் பெண் எடுத்த எடுப்பில் கேட்டாள், "யாருக்குங்க ஐயா?" மகளுக்கு என்றார். "பொண்ணு என்ன நெறம்?" சேலைக் கடையில் எல்லாரையும் கேட்கிற கேள்விதான், அவள் மேல் தப்பில்லை. காத்தமுத்து கையை மேசைமேல் வைத்தபடி நின்றார். நாற்பது வருஷம் ரப்பர் மரம் சீவிய கை, மரப்பட்டையைவிட இரண்டு பங்கு கறுப்பு. அந்தக் கையைக் காட்டி, "இதே நெறந்தாம்மா" என்றார். அவளும் நம்பி, கறுப்புக்கு எடுப்பாக இருக்கும் என்று இதை எடுத்துப் போட்டாள். போய்ச் சேருவதற்குள் முதல் பொய் அங்கேயே ஆகிவிட்டது, ஆனால் அதைப் பொய் என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

வழக்கம் இதுதான். அக்காள் மகன் வெளியில் பெண் எடுத்தால், அவனைக் கட்டிக்கொள்ள முறையுள்ள மாமன் மகளுக்குக் கல்யாணப் பந்தலில் எல்லார் முன்னாலும் ஒரு சேலை கொடுக்க வேண்டும். உன்னைத் தாண்டிப் போகிறோம், மனசில் வைத்துக்கொள்ளாதே என்று அர்த்தம். மாமன்மார் இரண்டு மூன்று பேர் இருந்தால் மூத்த மாமனின் மூத்த மகளுக்கு. சேலையின் நாலு முனையிலும் மஞ்சள் தடவியிருக்க வேண்டும், மாப்பிள்ளையைப் பெற்றவள்தான் தன் கையால் தடவ வேண்டும். கப்பலேறி வந்த காத்தமுத்துவின் அப்பா தகரப்பெட்டியில் வேட்டியோடு வேட்டியாக மடித்துக்கொண்டு வந்த வழக்கம், வேறு பெரிதாக ஒன்றையும் அவர் கொண்டுவரவில்லை. காத்தமுத்துவுக்கு ஒரே அக்காள், அங்கம்மாள். அவளுக்கு ஒரே மகன், பாலகுரு. மூத்த மாமன் காத்தமுத்து. மூத்த மாமனுக்கு ஒரே மகள், மரகதம். கணக்கு இவ்வளவு நேராக இருக்கிறதே, இதில் எங்கே கோணல் வரும்? பாலகுருவுக்கு மரகதத்தைக் கட்டிக் கொடுக்கும் எண்ணம் அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. மரகதத்துக்கும் இல்லை, அவன் சோறு தின்னும்போது பக்கத்து லயத்து வீடுகளுக்கும் கேட்கும் என்பாள். கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் கேட்டிருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு வாசல் வேண்டும் இல்லையா, அந்த வாசலை அக்காள் திறக்கவே இல்லை. திறக்கவில்லையா, அங்கே வாசல் இருப்பதாகவே அவள் நினைக்கவில்லையா. சரி, போகட்டும், சேலையாவது வரும் என்று இருந்தார். இரண்டு வாரம் முன்னால் மகனுடைய காரில் வந்து இறங்கி, நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்து உட்கார்ந்து, சொல்லிவிட்டுத்தானே போனாள்? "தம்பி, மரகதத்தக் கூட்டிட்டு வராத. பொண்ணு வீட்டுக்காரவுங்க தைப்பிங்ல பெரிய கை. யாரு எவருன்னு ஆளாளுக்குக் கேப்பாங்க, நான் எத்தன பேருக்குப் பதில் சொல்ல? சேலைய உங்கிட்டயே குடுத்தனுப்பிடறேன். நீ மட்டும் வா. நீ வந்து பட்டம் கட்டாம எம்மகன் மணவறை ஏற மாட்டான்." மாமன் வேண்டும். மாமன் கட்டுகிற பட்டம் வேண்டும். மாமன் பெற்றது மட்டும் வேண்டாம். பெற்றதா? அங்கேதானே அக்காள் பிடிக்கிறாள். அப்போது அடுப்படியில் மரகதம் டீ கலந்துகொண்டிருந்தாள். மண்ணெண்ணெய் அடுப்பு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது, கேட்டிருக்காது என்று அன்றையிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வருகிறார். லயத்து வீட்டுச் சுவர் கூரை வரைக்கும் போகாது. மூன்றாம் வீட்டில் மிளகாய் கிள்ளினால் முதல் வீட்டில் தும்முவார்கள். அடுப்புச் சத்தமாம். அக்காள் போனபிறகு அவர் உள்ளே போய், "கல்யாணத்துக்கு ஒரே கூட்டமா இருக்குமாம்மா, உனக்கு வேற சளி பிடிச்சிருக்கு" என்று ஆரம்பித்தார். அவளுக்குச் சளி ஒன்றும் இல்லை. "ஆமாப்பா" என்று ஒருதரம் இருமிக் காட்டினாள். அந்த இருமல். பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறியது, அந்த இருமல் மறுபடி காதில் கேட்டது.

அங்கம்மாளையும் முழுக்கத் திட்ட முடியவில்லை என்பதுதான் கஷ்டம். ஒன்பது வயசில் அவள் கடைத்தெருவில் உப்புக்கருவாடு வாங்க நின்றபோது ஒரு சீனன், கடைக்காரன்கூட இல்லை, சும்மா சைக்கிளில் போனவன், 'கெலிங்' என்று சொல்லிக் காலடியில் காறித் துப்பிவிட்டுப் போனான். நாய்க்கும் நமக்கும் சேர்த்து வைத்திருந்த வசவு. தோட்டத்து வெள்ளைக்கார துரை அதையே இன்னும் நாகரிகமாகச் சொல்வான், துப்ப மாட்டான். அந்த எச்சிலை அக்காள் ஐம்பத்தைந்து வருஷமாகத் துடைக்காமல் வைத்திருக்கிறாள். வாத்தியார் பெண்டாட்டியாகி டவுனுக்குப் போனாள், கல்வீடு கட்டினாள், தோட்டக்காட்டுப் பழக்கம் என்று வெற்றிலையைக்கூட அன்றோடு விட்டாள், தம்பி வந்தால் "வாயக் கொப்புளிச்சிட்டு உள்ள வா" என்பாள். எச்சிலை மட்டும் விடவில்லை. "அவன் ரத்தம் எங்குடும்பத்துக்குள்ள வரணுமா? ரத்தம் பேசும்டா தம்பி, இன்னிக்கில்லாட்டி நாளைக்குப் பேசும்." அவன் துப்பும்போது இவள் பிறக்கவே இல்லையே அக்கா என்று சொல்ல வேண்டும். நல்ல பதில். இருபத்து நாலு வருஷமாக இந்தப் பதில் அவர் நாக்கு நுனியில்தான் இருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்றால் ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று. ஒரு தடவை ஆட்கள் இருந்தார்கள். ஒரு தடவை அக்காளுக்கு ரத்தக்கொதிப்பு. ஒரு தடவை, முதல் தடவை, "நாய்க்குட்டி வளக்கற மாதிரி வளத்துக்க, மகள்னு மட்டும் சொல்லாத" என்று அவள் சொன்னபோது, அவர் என்ன செய்தார், சிரிக்க வைத்தார். "அக்கா, இது சீனத்திப் புள்ளைனு எவன் சொன்னான்? எம்பொண்டாட்டி செவந்தி பெத்ததுதான். கருவண்டு மாதிரிதான் பொறந்துச்சு. ஸ்டோருக்குத் தூக்கிட்டுப் போனேன், ரப்பர் பால் தொட்டியில தவறி விழுந்துட்டா. ஆசிட் ஊத்தின தொட்டி. எடுத்துப் பாத்தா ரப்பர் சீட்டு மாதிரி வெளுத்துப் போச்சு!" லயமே விழுந்து விழுந்து சிரித்தது. அக்காள்கூட வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்குத் தப்பித்தார். அப்படியே தப்பித்துத் தப்பித்தே இந்த வயசு வந்துவிட்டது. மரகதத்துக்கு ஏழு வயசு ஆனபோது ஒரு மத்தியானம் காணோம், தேடிப் பார்த்தால் பள்ளிக்கூடத் திடலில் உச்சி வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு மல்லாந்து படுத்திருக்கிறாள். கறுக்கிறாளாம். தொட்டியில் வெளுத்ததை வெயிலில் திருப்புகிறாளாம். மூன்று நாள் தோல் உரிந்து, இறால் மாதிரிச் சிவந்து, காய்ச்சலில் கிடந்தாள். "அம்மா மாதிரி ஆயிட்டனாப்பா?" என்று கண்ணாடி கேட்டாள். அவர் கண்ணாடியை ஒளித்து வைத்தார். கதையை மட்டும் ஒளிக்க முடியவில்லை, அது அதற்குள் தோட்டம் முழுக்கப் போய்விட்டிருந்தது. இப்போதும் யாராவது அவளைக் கேட்டால் அவளே சிரித்துக்கொண்டு சொல்கிறாள், "நான் பால் தொட்டியில விழுந்தவ." தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில் மேலதிகாரி ஒருவர் வகுப்புக்குள் வந்து, அவள் திருக்கோலத்தை முன்னும் பின்னும் பார்த்து, "டீச்சர் எங்கம்மா?" என்று அவளிடமே கேட்டாராம். "தொட்டியில இருந்து இப்பத்தான் எந்திரிச்சு வந்தேன் சார்" என்றாளாம். வந்து சொல்லி அவளும் சிரித்தாள், அவரும் சிரித்தார். இப்போது யோசித்தால் இரண்டு பேரும் கொஞ்சம் அதிகமாகவே சிரித்த மாதிரி இருக்கிறது.

செம்மோரில் டிரைவர் இறங்கவில்லை. சனியன், இன்றைக்குத்தான் காப்பி வேண்டாமாம் அவனுக்கு. பக்கத்து சீட்டில் ஒரு மலாய்க்கார அம்மா ஏறி, காலடியில் இரண்டு கூடை ரம்புத்தான் பழத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காத்தமுத்துவின் கை தன்னால் இடுப்புக்குப் போய் வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்தது, தன்னால் ஒரு வெற்றிலையைத் துடையில் தேய்த்தது, தன்னால் ஆள்காட்டி விரல் டப்பாவுக்குள் போய்ச் சுண்ணாம்பை எடுத்துத் தடவியது. வாய்க்குக் கொண்டுபோகும்போதுதான் நினைவு வந்தது. வாயில் வெற்றிலை இருந்தது. இன்றைக்குக் கல்யாண மண்டபத்தில். அதுதான் காரணம். வாயில் மட்டும் அப்போது வெற்றிலை இல்லாமல் இருந்திருந்தால். மணவறையில் நின்று பாலகுருவின் நெற்றியில் பட்டத்தைக் கட்டிவிட்டுக் கீழே இறங்கினார், நூல் பின்னந்தலையில் முடிச்சு விழுந்தபோது அந்தப் பயல் "வலிக்குது மாமா" என்றான், தூக்கி வளர்த்த பயல்தானே. கீழே வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து ஒரு வெற்றிலை போட்டார். நல்ல காரமான வெற்றிலை, சாறு பொங்கி வாய் நிறைந்திருந்தது. முன்வரிசைப் பெண்கள் மணப்பெண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "பொண்ணு என்னா கலரு பாத்தியா? அப்படியே சீனத்தி கணக்கா." "ஆமாங்கடி, அங்கம்மாக்கா குடுத்து வெச்சவங்க. பொறக்கற புள்ளைங்க வெள்ளையா இருக்கும்." அவருக்குச் சிரிப்பு முட்டியது. வாய் நிறையச் சாறோடு சிரிக்கக்கூடாது, மூக்கில் ஏறும். அடக்கிக்கொண்டார். அப்போதுதான் மைக்கில் கூப்பிட்டார்கள், முறைச்சேலை. எழுந்திருக்க வேட்டியைச் சரிசெய்தார், தட்டை வாங்கிக்கொள்ளக் கையைக்கூட அரைவாசி நீட்டிவிட்டார். 'முறைப்பெண், செல்வி ரேணுகா.' ரேணுகா அவருடைய தம்பி மகள். பதினாறு வயசு. சின்ன மாமனின் மகள், மரகதத்துக்கு எட்டு வயசு இளையவள். அது பாவம், யார் கூப்பிட்டது என்று புரியாமல் எழுந்து, பெரியப்பா முகத்தை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய் வாங்கிக்கொண்டது. அக்காள் தன் கையால் மஞ்சள் தடவிய நாலு முனையும் மேலே தெரிகிறபடி மடித்திருந்தாள். காத்தமுத்து எழுந்து நின்றார். சபையில் முந்நூறு பேர். அக்கா, இதுக்கு மூத்தவ ஒருத்தி வீட்டுல இருக்கா. இதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். வாயில் வெற்றிலை இருந்தது. வாயைத் திறந்தால் முன்னால் இருக்கிற பெண்ணின் பட்டுச்சேலை பாழாகும். துப்ப வேண்டும். துப்ப வேண்டுமானால் வெளியே போக வேண்டும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, மன்னிக்கணும், கொஞ்சம் நகருங்க என்று கையால் ஜாடை காட்டிக்கொண்டு, செருப்புக் குவியலைத் தாண்டி, சாக்கடை ஓரம் போய்த் துப்பி, வாயைக் கொப்புளித்து, துண்டால் துடைத்து, நிதானமாகத் திரும்பி வந்தபோது கெட்டிமேளம் கொட்டிவிட்டது. கெட்டிமேளத்தில் எவன் பேசுவான்? அதுதான் நடந்தது. வேறு ஒன்றும் இல்லை. சாக்கடை கொஞ்சம் பக்கத்தில் இருந்திருந்தால். வாயில் வெற்றிலை இருந்தது. விழுங்கியிருக்கலாம். சாறைத்தானே, விழுங்கினால் என்ன, குடலா வெந்துவிடும். விழுங்கியிருக்கலாமே என்று இப்போது பஸ்ஸில் தோன்றுகிறது, அப்போது தோன்றவில்லையே, ஏன் தோன்றவில்லை. கையிலிருந்த வெற்றிலையை, சுண்ணாம்பு தடவிய பச்சை வெற்றிலையை, ஜன்னல் வழியாக எறிந்தார். ஐம்பது வருஷத்தில் முதல் தடவை. பொட்டலத்தையும் எறிந்தார்.

சுண்ணாம்புக் குன்றுகள் வெள்ளையும் பச்சையுமாகப் பின்னால் போயின. ஈயம் தோண்டிய குளத்தில் வெயில் பட்டுக் கண் கூசியது. அந்தக் குளத்துக்கு அந்தப் பக்கம்தான் முன்பு கீரைத் தோட்டங்கள். அங்கிருந்துதான் வந்தான் அந்தச் சீன மனுஷன், ஒரு காலைப் பொழுதில், கீரைக்கூடையில் கடுகுக்கீரைக்கு நடுவே கைக்குழந்தையைத் துணி சுற்றி வைத்து. ஏழாவதும் பெண். அவர்கள் சாமியாடி சொன்னாராம், இந்தப் பிள்ளை வீட்டில் இருந்தால் தகப்பனைத் தின்னும், வேறு சாமி கும்பிடுகிற சனத்துக்குக் கொடுத்துவிடு, கெட்டகாலம் வழி தெரியாமல் நின்றுபோகும் என்று. செவந்தி அப்போது பத்து நாள் முன்னால் பிறந்ததைப் புதைத்துவிட்டு, பால் கட்டி, காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு கிடந்தாள். மூன்றாவது பிள்ளை அது, மூன்றும் அப்படியே. காத்தமுத்து கூடையைக் கொண்டுபோய்ப் பாயின் ஓரத்தில் வைத்தார், அவ்வளவுதான் அவர் செய்தது. கண்ணைத் திறக்காமலே அவள் அதை எடுத்தாள். எடுத்த எடுப்பில் பால் கொடுத்தாள். இரண்டும் அழுகையை நிறுத்தியது ஒரே நேரத்தில். ரத்தம் பேசும் என்கிறாள் அக்காள். பால் பேசாதா? அது ஊமையா? இதையும் சொல்லியிருக்கலாம், மைக்கிலேயே சொல்லியிருக்கலாம். அவருக்கு மட்டும் என்ன யோக்கியதை. சந்தையில் கீரை விற்ற ஒரு சீனக் கிழவி வாரா வாரம் மரகதம் வந்தால் ஒரு முட்டைக்கோசைக் கூடுதலாகப் பையில் போடுவாள். பேச மாட்டாள், போட்டுவிட்டுக் குழந்தையின் கை விரலையே பார்ப்பாள். இரண்டு வாரம் பார்த்தார். மூன்றாவது வாரம், "அவகிட்ட வாங்காத, தராசுல கள்ளத்தனம் பண்றா, சீனத்தி புத்தி" என்றார். சொல்லி முடித்தபிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது. பத்து வயசுப் பிள்ளை தன் விரலைத் தூக்கி ஒருதரம் பார்த்துவிட்டு, "சரிப்பா" என்றது. அன்றைக்கு அவர் வாயில் வெற்றிலை இல்லை. அப்போது மட்டும் வார்த்தை எவ்வளவு சுத்தமாக வந்தது. அந்தக் கிழவி எங்கே பிள்ளையைத் திருப்பிக் கேட்டுவிடுவாளோ, கூட்டிக்கொண்டு போய்விடுவாளோ என்கிற பயத்தில் சொன்னது. பயத்தில் சொன்னாலும் அக்காள் வார்த்தைதானே அது, அக்காளுக்குக் குத்தகைக்கு விட்ட வார்த்தையா என்ன.

மஞ்சள். திடுக்கிட்டு நிமிர்ந்தார். சேலை வாங்கியாயிற்று, மஞ்சள் தடவவில்லை. முனையில் மஞ்சள் இல்லாத சேலை வெறும் சேலைதானே, பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடுமே. தாம்பூலப் பையைக் குடைந்தார். தேங்காய், பாக்கு, அதற்கடியில் ஒரு விரலி மஞ்சள், அக்காள் வீட்டு மஞ்சள்தான், அந்த மட்டுக்கும் உண்மை. உரசத் தண்ணீர் வேண்டும். பக்கத்து அம்மாவின் போத்தலைக் காட்டி சந்தை மலாயில் கேட்டார், கொஞ்சம் தண்ணீர். அவள் போத்தலையே நீட்டினாள். முன் சீட்டின் இரும்பு முதுகில் இரண்டு சொட்டு விட்டு மஞ்சளை உரசினார். பஸ்ஸின் உதறல் அவருக்காக உரசிக் கொடுத்தது. அவள் வேடிக்கை பார்த்துவிட்டுச் சேலையைக் காட்டி, "பினி?" என்றாள், பெண்டாட்டிக்கா என்று. "அனாக்" என்றார். மகளுக்கு. "ஒண்ணே ஒண்ணு." அவள் முகம் மலர்ந்து, சேலையின் ஒரு முனையை அவருக்குத் தோதாகப் பிடித்துக் கொடுத்தாள். ஆள்காட்டி விரலால் குழம்பைத் தொட்டு முனையில் வைத்தார். வைத்த இடம் மஞ்சளாக நின்றது, ஒரு நொடி. அப்புறம் கண்ணெதிரே சிவந்தது. விரலைப் பார்த்தார். விரலும் சிவந்திருந்தது, நகக்கண்ணில் வெள்ளையாகச் சுண்ணாம்பு. எறிந்த வெற்றிலைக்குத் தடவிய சுண்ணாம்பு. ஆரத்தித் தட்டில் எத்தனை தடவை பார்த்தது, மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பச்சைப்பிள்ளைக்குத் தெரியும். தாழம்பூ நிறத்தில் அந்தச் சிவப்பு, அறுத்த இடத்தில் கசிந்த மாதிரி. ரத்தம் பேசும்டா தம்பி. துடைத்தார், இன்னும் பரவியது. ஒரு முனை சிவப்பும் மூன்று முனை மஞ்சளுமாக எவள் கொடுப்பாள்? வேறு வழியில்லாமல் மற்ற மூன்று முனையையும் அதே விரலால் தடவினார். நாலும் சிவந்தன. சரி, பொய்யைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினால் போகிறது. குங்குமம். அக்காள் மனசு இளகி, மஞ்சள் போதாது என்று குங்குமத்தையே குழைத்துத் தடவிக் கொடுத்தாள். நல்லா இருக்கிறதே. யாருக்கும் செய்யாத மரியாதை. ரேணுகாவுக்குக்கூட மஞ்சள்தான், ரேணுகா பேச்சு எதற்கு இப்போது. கண் கலங்கினாள் என்றும் சேர்த்துக்கொள்ளலாம். மைக்கில் பேர் சொன்னார்கள் என்று சொல்லலாம். செல்வி மரகதம், மூத்த மாமன் காத்தமுத்துவின் மகள். பொய் கொதித்து, வெந்து, வாசம்கூட வந்துவிட்டது. அப்பாடா என்று சாய்ந்தார். சாய்ந்த வேகத்தில் பயம் வந்தது. அவள் நம்பிவிட்டால்? நம்பி, நாளைக்கே அத்தை காலில் விழுந்து கும்பிட்டு வருகிறேன் என்று அதைக் கட்டிக்கொண்டு டவுனுக்குப் புறப்பட்டுவிட்டால்? திடலில் மல்லாந்து படுத்த பிள்ளை அவள். ஒரு பொய்க்கு மூன்று நாள் தோல் உரிந்தவள்.

தோட்டத்து முச்சந்தியில் பஸ் நின்றது. அவள் நின்றுகொண்டிருந்தாள், மழைமரத்தடியில், பள்ளிக்கூடம் போகிற நூல்சேலையில், கையில் அவருக்காக ஒரு குடை. நெற்றியில் பொட்டு, காதோரம் வேர்வையில் ஒட்டிய முடி. "அப்பா, பாத்து எறங்குங்க." காத்தமுத்து படியில் கால் வைக்கும்போது ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். மலாய்க்கார அம்மா அவளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி அவளைப் பார்த்தாள். மகள் என்றானே கிழவன், என்கிற பார்வை. முகத்தில் இருந்த சிரிப்பை, சாமான் எடுத்துவைக்கிற மாதிரி எடுத்து உள்ளே வைத்துக்கொண்டு, கூடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் புகையை விட்டுவிட்டுப் போனது. இரண்டு பேரும் செம்மண் ரோட்டில் நடந்தார்கள்.

"சாப்பாடு எப்படிப்பா?"

"ரசம் மட்டும் பரவால்ல. இந்தா, உன் அத்தை குடுத்தனுப்பினா." வந்துவிட்டது. நாலு வார்த்தையும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டன. அந்தச் சந்தோஷத்தில் மிச்சத்தையும் கொட்டினார். மைக்கில் பேர் சொன்னது, மண்டபமே திரும்பிப் பார்த்தது, அத்தை கண் கலங்கியது, என் மூத்த மருமகள் வரவில்லையே என்று எல்லாரிடமும் குறைப்பட்டுக்கொண்டது. அவள் பையைத் திறந்து, நடந்துகொண்டே சேலையை எடுத்து, முறைப்படி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் ஒரு முனையைப் பிரித்தாள். நின்றாள்.

"குங்குமம்மா" என்றார் அவசரமாக. "மஞ்சள் எல்லாருக்கும் தடவறது. உனக்குன்னு தனியா குங்குமத்தக் குழைச்சு, தன் கையால..."

அவள் அந்தச் சிவப்பைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். விரலை மூக்குக்குக் கொண்டுபோனாள். அடுத்த முனையைப் பார்த்தாள், அதற்கடுத்தது, நாலையும் பார்த்தாள். அவருடைய வலது கையைப் பார்த்தாள், அவர் அதை வேட்டி மடிப்புக்குள் கொண்டுபோவதற்குள். சேலையைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்து, குடையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்தாள்.

"அழகா இருக்குப்பா" என்றாள். கொஞ்ச தூரம் நடந்தார்கள். நாளைக்கு மழை வருமா என்று கேட்கிற குரலில் அவள் கேட்டாள்:

"அத்தை எப்பப்பா மறுபடி வெத்தலை போட ஆரம்பிச்சாங்க?"

காத்தமுத்து வாயைத் திறந்தார். யானையை நினைத்துப் பார்த்தார். தொட்டியை நினைத்துப் பார்த்தார். வாயில் வெற்றிலை இல்லை. ஒரு பாக்குத் துணுக்குகூட இல்லை.